டிராக் டேக்குப் பழைய கார்: ஸ்விஃப்டா, சிட்டியா, போலோவா?

கையில் ஐந்து லட்சம் ரூபாய். ஆபீஸ் போய்வர வீட்டில் வேறு வண்டி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ டிராக் டே நடக்கும்போதெல்லாம் போய் ஆசைதீர ஓட்ட ஒரு பழைய கார் வேண்டும். எதை வாங்குவது? கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் போலோ ஜிடி என்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் ஹோண்டா சிட்டி என்பார்கள். ஸ்விஃப்ட் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தெருவுக்குப் பத்து நிற்கிற வண்டியை டிராக்குக்கு வாங்குவதா என்று தோன்றும். என் ஓட்டு அதற்குத்தான். காரணம் சொல்வதற்கு முன்னால், டிராக் ஒரு காரை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்துவிட வேண்டும். ரோட்டில் நல்ல பெயர் வாங்கிய பல கார்கள் அங்கே மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒன்று. டிராக் டே பந்தயம் கிடையாது. கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நம் சொந்தக் காரை 15, 20 நிமிஷத் தவணைகளாக ஓட்டுகிற நாள் அது. முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு. கோப்பையும் கிடையாது, பரிசும் கிடையாது. அப்படியென்றால் கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ஓட்டின சுற்றுகள். பேடாக்கில் (டிராக்கை ஒட்டிக் கார்கள் நிற்கிற இடத்தில்) பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற 200 குதிரைத்திறன் காரைவிட, நாள் பூராவும் சளைக்காமல் சுற்றுகிற 85 குதிரைத்திறன் கார் எத்தனையோ மேல். இந்த ஒப்பீடு முழுக்க இந்த அளவுகோலில்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. இந்தியாவில் நிரந்தரமான கார் ரேஸ் டிராக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் பழைய இரண்டு நம்மிடம். சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்துவந்த ரேஸ்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் கட்டிக்கொண்டது. நீளம் 3.7 கி.மீ. 1990 முதல் ரேஸ் நடக்கிறது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு அது இன்றும் எம்.எம்.ஆர்.டி.தான். கோவையில் கார் பந்தய வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்த கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. இரண்டும் இரண்டு விதம். கரியில் நெருக்கமான வளைவுகள், எஞ்சின் பலம் அவ்வளவாக எடுபடாது, லேசான கார் சந்தோஷப்படும். இருங்காட்டுக்கோட்டையில் மெயின் ஸ்ட்ரெயிட்டில் வேகம் ஏறி, சி1 என்கிற வலது வளைவுக்குள் நுழையும்போது, பிரேக் மேலும் டயர் மேலும் நம்பிக்கை இல்லாவிட்டால் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும்.

பிரேக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1,000 கிலோ கார் ஒன்று மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு வருகிறது என்று வையுங்கள். அந்த ஒரு முறைக்கு பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 730 கிலோஜூல். அதே வேலையை 1,300 கிலோ கார் செய்தால் 950 கிலோஜூல். இதில் பெரும்பகுதி முன்னால் இருக்கிற இரண்டு டிஸ்க்குகளில் சூடாக இறங்குகிறது. ஒரு சுற்றில் இப்படி எத்தனை தடவை, 20 நிமிஷத்தில் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டால், அந்த டிஸ்க்குகள் குளிர நேரமே கிடையாது என்பது புரியும். ரோட்டில் இந்தச் சூழ்நிலை வரவே வராது. ஊட்டி மலை இறங்குகிறவர்கள்கூட கியரைப் போட்டுத்தான் இறங்குகிறார்கள்.

சூடு ஏறினால் இரண்டு விதமாகக் கெடும். டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டினால் மிதி கல் மாதிரி நிற்கும், கார் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் மிதி பஞ்சாகி அடிவரை போகும். இரண்டாவதுதான் பயங்கரம். டாட் 3 என்கிற ரக ஆயிலின் கொதிநிலைக்குக் குறைந்தபட்சத் தரம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 140. டாட் 4க்கு 230, 155. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் சங்கதி என்பதால், கடற்கரை ஊரில் நாலு வருஷம் மாற்றாமல் ஓடிய காரில் எந்தக் கணக்குப் பொருந்தும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயர், எஞ்சின் ஆயில், கூலன்ட். நம் ஊர் வெயிலில் மதியம் தார் கொதிக்கும்போது ஓட்டினால் சாதா டயரின் வெளி ஓரம் ஒரே நாளில் கரைந்து நிற்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ கார்களுக்கு இன்னொரு தொல்லை. உள்ளே இழுக்கிற காற்று சூடாகச் சூடாக எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கிற குதிரைத்திறன் காலை முதல் தவணைக்கு மட்டும்தான் செல்லும், மதியம் இரண்டு மணிக்குச் செல்லாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேர்வுக்கான கேள்விகள் மாறிவிடுகின்றன. எடை எவ்வளவு? டர்போ இருக்கிறதா? முன் டிஸ்க், பேட், வீல் பேரிங், கிளட்ச் பிளேட் என்ன விலை, எந்த ஊர்க் கடையில் கிடைக்கும்? டயர் சைஸ் எது? பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை செகண்ட் என்பது இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டியது.

பணத்துக்கு நான் வைத்திருக்கிற கணக்கு: காரின் விலை மொத்தப் பணத்தில் பாதியைச் சுற்றி நிற்க வேண்டும், அறுபது சதவீதத்தைத் தாண்டவே கூடாது. ஐந்து லட்சத்தில் காருக்கு இரண்டரை முதல் மூன்று. மீதி டயருக்கும் பிரேக்குக்கும் சர்வீஸுக்கும், டிராக் கட்டணத்துக்கும். ஐந்தையும் காரில் கொட்டினால், அது வீட்டு வாசலில் நின்று அழகு பார்க்கத்தான் ஆகும். கீழே சொல்லும் விலைகள் எல்லாம் நிலைமை, வருஷம், ஓடிய கிலோமீட்டர் பார்த்து மாறக்கூடிய உத்தேச விலைகள்.

ஸ்விஃப்ட்

நம் பணத்துக்குப் பக்கத்தில் வருகிற ஸ்விஃப்ட் மூன்று தலைமுறை. 2005இல் வந்த முதல் ஸ்விஃப்டில் 1.3 லிட்டர் ஜி13பிபி எஞ்சின், 87 குதிரைத்திறன். இந்த எஞ்சினுக்கு ஒரு குடும்ப வரலாறு உண்டு. எஸ்டீமில் இதுதான், ஜிப்ஸியில் இதுதான், வெர்சாவிலும் இதுதான். எஸ்டீம் நம் ஊர் டிராக்குகளிலும் ராலிகளிலும் ஓடின காலத்திலேயே கோவை, சென்னை மெக்கானிக்குகள் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கப் பழகிவிட்டார்கள். ஜிப்ஸி 2019 வரை தயாரானதால் பாகத்துக்கும் பஞ்சமில்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்குள் நல்ல வண்டி கிடைக்கும். ஆனால் பழசு. பாடி துரு, சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் ராக் என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டும். 15 வருஷம் தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கே ஒரு கட்டணம். எஃப்.சி.க்கு அலைவது தனி. தானே கையில் ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு இது அருமையான கார். மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2011க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறையில் 1.2 லிட்டர் கே சீரீஸ் பெட்ரோல். 85 சொச்சம் குதிரைத்திறன், எடை 1,000 கிலோவுக்குள். 2012 முதல் 2016 வரையிலான இசட்.எக்ஸ்.ஐ. என்கிற மேல் வேரியன்ட் வாங்கினால், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். இருக்கும், 15 அங்குல வீலில் 185/65 டயர் (அகலம் 185 மி.மீ.) இருக்கும். கீழ் வேரியன்ட்டில் 14 அங்குலம், 165 டயர், ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். விலை இரண்டரையிலிருந்து மூன்றரை லட்சம். நம் பட்ஜெட்டுக்கு அளந்து தைத்த மாதிரி.

என்ன குறை? நேர்ப்பாதையில் எல்லாரும் தாண்டிப் போவார்கள். கொஞ்சம் மனது கசக்கும். பின் பிரேக் டிஸ்க் இல்லை, டிரம்தான். ஆனால் வளைவுக்குள் இந்தக் கார் காட்டுகிற உற்சாகம் அந்த விலைக்கு வேறு எதிலும் இல்லை. முன் பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கும். நடு வளைவில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் பின் பக்கம் மெதுவாகத் திரும்பி மூக்கை உள்ளே தள்ளும். ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு எடை எப்போது முன்னால் போகிறது, எப்போது பின்னால் வருகிறது என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுக்கிற கார் இது. பலம் குறைவு என்பதால் வளைவுக்கு முன்னால் வீணாக்குகிற ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் அடுத்த நேர்ப்பாதை முழுக்கத் திரும்பக் கிடைக்காது. தப்பு செய்தால் உடனே தெரியும். 180 குதிரைத்திறன் காரில் அதே தப்பை எஞ்சின் மூடி மறைத்துவிடும்.

டர்போ இல்லாததால் காலையில் எப்படி ஓடியதோ அப்படியே மாலையிலும் ஓடும். முன் டிஸ்க், பேட், வீல் பேரிங், கிளட்ச் செட் எல்லாம் தாலுகா தலைநகரத்துக் கடையில்கூட அலமாரியில் இருக்கும். சென்னையில் பழைய கார் பாகம் விற்கிற புதுப்பேட்டையில் கேட்டால் முழு சஸ்பென்ஷனையே கையில் கொடுப்பார்கள். செட்டிபாளையத்தில் சனிக்கிழமை பேரிங் போனால் அன்று மாலைக்குள் மாற்றி ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம். இந்த ஒரு வசதிக்கு நான் கொடுக்கிற மதிப்பு முப்பது குதிரைத்திறனுக்கு மேல்.

2018இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்னும் லேசு, பெட்ரோல் 880 கிலோவுக்குள். கணக்குப்படி அதுதான் சிறந்தது. விலை இன்னும் நாலரைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் சிக்கல். ஸ்டீயரிங்கும் பழைய ஸ்விஃப்ட் அளவுக்குக் கையோடு பேசுவதில்லை. விலை இறங்கட்டும், பார்க்கலாம்.

சிட்டி

2008 கடைசியில் வந்து 2013 வரை விற்ற ஐ-விடெக் சிட்டியைத்தான் சொல்கிறேன். 1.5 லிட்டர், 118 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,100 கிலோ. எஞ்சினுக்காகவே வாங்கலாம். நிமிஷத்துக்கு 4,500 எஞ்சின் சுற்றுக்கு மேலே குரல் மாறி, சிவப்புக் கோடு வரை சலிக்காமல் ஏறுகிற அந்தச் சத்தத்துக்கு டர்போ கார்களில் ஈடு கிடையாது. கியர் மாற்றும் சுகமும் அப்படியே. இரண்டு லட்சத்திலிருந்து மூன்றரைக்குள் கிடைக்கும். டர்போ இல்லை, சூட்டில் பலம் சரியாது. காகிதத்தில் ஸ்விஃப்டை எல்லா விதத்திலும் அடித்துவிடுகிறது.

டிராக்கில் என்ன ஆகிறது என்றால், எஞ்சின் ஓடுகிற ஓட்டத்துக்கு பிரேக்கும் டயரும் கூட வரமாட்டேன் என்கின்றன. கம்பெனி கொடுத்த டயர் 175/65, 15 அங்குலம். குடும்பத்தோடு திருப்பதி போய்வர அது போதும், சி1க்குள் போக அது போதாது. நேர்ப்பாதையில் கூடுதல் வேகம், அதை நிறுத்த அதே சைஸ் சாதா பிரேக். ஆக சிட்டி வாங்கினால் முதல் நாளே 195 அகல டயர், நல்ல பேட், டாட் 4 அல்லது 5.1 ஆயில் போட்டுத்தான் தீர வேண்டும். ஸ்விஃப்டில் இவற்றில் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹோண்டா பாகங்கள் மாருதியை விட விலை கூட. கிடைப்பதற்குக் கஷ்டமில்லை.

வளைவில் மூக்கு வெளிப்பக்கமாக ஓடுகிற சுபாவமும் கொஞ்சம் உண்டு. பொறுமையாக ஓட்டினால் வேகமான கார். அவசரப்பட்டால் முன் டயரைத் தேய்த்துத் தீர்க்கும். ஏற்கெனவே கொஞ்சம் ஓட்டத் தெரிந்த, சத்தத்துக்கு மயங்குகிற ஆளுக்கு நான் சிட்டியைத்தான் காட்டுவேன். 2000 வாக்கில் வந்த முதல் சிட்டி விடெக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். கிடைத்தாலும் நல்லது கிடைக்காது, நல்லது கிடைத்தால் டிராக்கில் விட மனது வராது.

போலோ

போலோவுக்கு இத்தனை ரசிகர்கள் இருப்பதில் நியாயம் இருக்கிறது. கதவைச் சாத்தும் சத்தத்திலிருந்து அதிவேகத்தில் ரோட்டைக் கவ்வுகிற உறுதி வரைக்கும் இந்த விலை வண்டிகளில் அதற்கு நிகர் இல்லை. போக்ஸ்வாகன் 2010 முதல் போலோ கோப்பை என்று ஒரே ரகக் கார்களை வைத்து ரேஸ் நடத்தியதால், இதை டிராக்குக்குத் தயார்படுத்தத் தெரிந்தவர்களும் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள்.

ஆனால் போலோ ஜிடி என்று பொதுவாகச் சொல்வதில்தான் வில்லங்கம். 2013இல் வந்த ஜிடி டிஎஸ்ஐ என்பது 1.2 டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் திருப்பு விசை), கூடவே டி.எஸ்.ஜி. என்கிற இரட்டைக் கிளட்ச் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். மேனுவல் கிடையாது. இந்த டி.எஸ்.ஜி.யின் இரண்டு கிளட்ச்சும் ஆயிலில் முங்காத உலர் ரகம். டிராக்கில் அது கெட்டுப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் டிராக்கில் கிளட்ச் பெரும்பாலும் முழுசாகப் பிடித்தபடியே ஓடுவதால் தேய்மானம் குறைவு, மாற்றும் வேகமும் அபாரம். ஆபத்து எங்கே என்றால் அந்தக் கார் உங்களிடம் வருவதற்கு முன்னால் வாழ்ந்த வாழ்க்கையில். சென்னை கத்திப்பாரா, பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் அடி அடியாக ஊர்ந்த வருஷங்கள்தான் உலர் கிளட்ச்சைத் தின்பவை. அதோடு மெகட்ரானிக்ஸ் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி போனால் செலவு லட்சத்தைத் தொடும். நாலரை லட்சம் கொடுத்து வாங்கி, கையில் மீதி ஐம்பதாயிரம் வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டத்தில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

2020இல் பி.எஸ்.6 என்கிற புது மாசு விதி வந்தபோது 1.2 போய் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 110 குதிரைத்திறன், அதே 175 டார்க், ஆறு கியர் மேனுவலும் உண்டு. 2022இல் போலோவே இந்தியாவில் நின்றுபோனது. அந்த இரண்டு வருஷத்து மேனுவல் டிஎஸ்ஐ இந்த ஒப்பீட்டில் எல்லாரையும் விடச் சிறந்த கார், ஒளிவு மறைவே வேண்டாம். வெயிலில் தொடர்ந்து விரட்டினால் பலம் கொஞ்சம் இறங்கும், பின்னால் டிரம்தான், ஆனாலும் அப்படித்தான். விலை ஆறரை, ஏழு என்று போவதால் நம் கணக்குக்குள் வராது. காரும் செலவும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு லட்சம் ஒதுக்க முடிகிறவர் மேலே படித்ததையெல்லாம் மறந்துவிட்டு இதை வாங்கலாம். ஒரு விண்ணப்பம்: வாங்கின கையோடு ரீமேப் (பலம் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) செய்யாதீர்கள். ஏற்கெனவே ரீமேப் செய்து விற்கிற வண்டியையும் தவிருங்கள். கூடுகிற பலம் முழுக்கச் சூடாகத்தான் திரும்பி வரும்.

மற்றவை

பலேனோ ஆர்.எஸ். மறந்துபோன நல்ல கார். 2017 மார்ச்சில் வந்தது, 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ, 102 குதிரைத்திறன், 950 கிலோ, நாலு வீலிலும் டிஸ்க். ஸ்விஃப்டின் எடைக்கு சிட்டிக்குப் பக்கத்துப் பலம். குறைவாகவே விற்றதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடி பாகமெல்லாம் சாதா பலேனோதான், எஞ்சின் பாகத்துக்கு மட்டும் காத்திருக்க நேரலாம். நாலேமுக்காலுக்கு நல்லதாக ஒன்று கண்ணில் பட்டு, பட்ஜெட்டையும் கொஞ்சம் இழுக்க முடிந்தால் நான் ஸ்விஃப்டை விட்டுவிட்டு அதன் பக்கம் சாய்ந்துவிடக்கூடும்.

டியாகோ ஜே.டி.பி. மேல் கோவைக்காரர்களுக்குப் பாசம் இருக்கும். டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாகச் செய்த கார், 2018 அக்டோபரில் 6.39 லட்சத்துக்கு வந்தது. 1.2 டர்போ, 114 குதிரைத்திறன். சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அதற்கென்றே செய்த பம்பர், சஸ்பென்ஷன் சாமான்கள் உடைந்தால் தேடல்தான்.

புன்டோ அபார்த்? 145 குதிரைத்திறன், நாலு டிஸ்க், இத்தாலியக் குரல், ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் கனம். ஃபியட் 2019இல் கடையைக் கட்டிவிட்டது. காதலித்துக் கட்டிக்கொள்கிறவர்களைத் தடுக்க நான் யார். அதே வகையில் மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ்ஸும் சேரும். வளைவில் இன்றும் பல புதுக் கார்களுக்குப் பாடம் எடுக்கும், 101 குதிரைத்திறன். ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். ஃபியஸ்டாவோ அதற்கும் ரொம்ப முந்தினது. தெரிந்த ஃபோர்டு மெக்கானிக் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஐ20 என் லைன் இந்தப் பட்டியலிலேயே வராது, விலை அதிகம். ஹூண்டாய் ஆலையும் டிராக்கும் ஒரே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதால், பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டலாம் என்கிற ஒரு அல்ப சந்தோஷம் மட்டும் உண்டு.

டீசல் கார்களில் டார்க் பிரமாதம் என்று வாதாட வருவார்கள். கனமான எஞ்சின் முன் டயர் மேல் உட்கார்ந்திருக்கும், 4,000 சுற்றுக்கு மேல் மூச்சு இருக்காது. வேண்டாம். பின் சக்கரம் இழுக்கிற கார்தான் வேண்டும் என்று பத்து வருஷப் பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரீஸைப் பார்க்கிறவர்களும் உண்டு. வாங்குகிற விலை மலிவு. ஒன்றரை டன்னை நிறுத்துகிற டிஸ்க், பேட், நாலு டயர் விலையை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் டெஸ்ட் டிரைவ் போகலாம். வெளிநாட்டு யூடியூப் பார்த்து மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மியாட்டா கேட்பவர்களுக்கு: மாஸ்டா இங்கே கார் விற்றதே இல்லை. பழைய கார் இறக்குமதிக்கோ மூன்று வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்கிற விதியும், காரின் விலையையே தாண்டுகிற வரியும் இருக்கின்றன.

வாங்கிய பிறகு

இரண்டரை, மூன்று லட்சத்துக்கு ஸ்விஃப்ட் இசட்.எக்ஸ்.ஐ. வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் டிராக் டேக்கு முன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழைய பிரேக் ஆயிலை முழுக்க வெளியேற்றி நல்ல டாட் 4. முன்னால் புது டிஸ்க், அதிகச் சூடு தாங்குகிற பேட். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில் எல்லாம் புதுசு. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிற்கட்டும், நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கக் கூடாது. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுண்ட் சோதித்து மாற்றுங்கள். இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள், அது டிக்கியில் தொலைந்துபோயிருக்கும். சவுண்ட் சிஸ்டம், தரை விரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் வீட்டில்.

டயரில் மட்டும் ஆசையை அடக்க வேண்டும். முதல் சில தடவைக்கு இருக்கிற 185 டயரிலேயே, பாதி தேய்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, ஓட்டுங்கள். புத்தம் புது டயரின் ஆழமான கட்டைகள் சூட்டில் பிய்ந்து வரும். குளிர்ந்த நிலையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு தவணை முடிந்ததும் அளந்து பார்த்தால் எவ்வளவு ஏறுகிறது என்று பிடிபடும். தவணை முடிந்து வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்க உள்ளே போடுகிற இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட், சத்தமான எக்ஸாஸ்ட் எல்லாம் ரோட்டில் ஓடுகிற காருக்கு இப்போதைக்கு வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஹெல்மெட் போடாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ரோட்டு விபத்தில் ஆபத்தும்கூட.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்லாத சங்கதி ஒன்று. நம் ஊர் தனியார் கார் பாலிசிகளில் எதற்கெல்லாம் பொருந்தாது என்கிற பகுதியில் ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அச்சில் இருக்கும். டிராக்கில் சுவரில் முட்டினால் கிளெய்ம் வரும் என்று நம்பி ஓட்டக் கூடாது. அதனால்தான் முழுசாக நசுங்கினாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய விலையில் கார் வாங்கச் சொல்கிறேன். மூன்று லட்சம் போனால் ஒரு வருஷம் வலிக்கும். ஏழு லட்சக் கடன் காரில் போனால் ஈ.எம்.ஐ. மட்டும் மிஞ்சும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டிராக்குக்கு வாங்குகிற காரில் பெயின்ட் கீறல், சீட் கிழிசல், வேலை செய்யாத பவர் விண்டோ இவற்றையெல்லாம் பேரம் பேசப் பயன்படுத்திக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது சேஸிஸ். பானட்டுக்குள் இரண்டு பக்கத்து ஏப்ரனும் (உள் பக்கத் தகடும்) கம்பெனி வெல்டிங்கோடு இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் டவர் சுற்றிச் சுளிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடிபட்டு நிமிர்த்திய கார் ரோட்டில் நேராகப் போகும். டிராக்கில் இடது வளைவுக்கு ஒரு மாதிரி, வலது வளைவுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏசி போட்டு, பத்து நிமிஷம் நிறுத்தி வைத்துக் கூலன்ட் ஃபேன் வருகிறதா என்று கவனியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் கலந்த நிறத்தில் படலம் இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

சென்னை வண்டியா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கும் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துக் கடைசி முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டை நகர்த்தி அடியில் இருக்கிற போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூச்சு, இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். வீட்டுக்கு அடங்கிய காராக அது இன்னும் கொஞ்ச காலம் ஓடக்கூடும். அதிர்வும் சூடும் ஏறுகிற டிராக்கில் வயரிங் முதல் நாளே காலை வாரும்.

டெல்லி வண்டி மலிவு என்று ஆன்லைனில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு: அங்கே பெட்ரோல் காருக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம் என்று வரம்பு வைத்ததால்தான் அந்த விலை. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்கத்து வரி கட்டிக் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் ஸ்விஃப்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த என்.ஓ.சி.க்காக விற்றவரைப் போனில் துரத்துகிற மாதங்களில் இங்கே இரண்டு டிராக் டே முடிந்திருக்கும்.